ஆறு மில்லிமீட்டர்

மருந்து தோய்த்த காகிதத் துண்டு,
குறுக்களவு ஆறு மில்லிமீட்டர்.
கிருமி பரப்பிய தட்டில் ஏழு துண்டு பதித்து
ஓர் இரவு சூட்டில் விடுவேன்.
காலையில் ஸ்கேல்.
மருந்து வேலை செய்திருந்தால்
துண்டைச் சுற்றி வெறும் இடம் விரிந்திருக்கும்,
மழைக்கு முந்தி நிலா கோட்டை கட்டுமே, அதுபோல.
அந்த வெறும் இடத்தை அளக்கத்தான்
ஆசாரிபள்ளத்தில் எனக்குச் சம்பளம்.

சுகிர்தபாய், ஐம்பத்திரண்டு, அருமனைப் பக்கம்.
கூட்டுக் கம்பி கிழித்த வலது உள்ளங்கை,
மூன்று வாரமாகச் சீழ்.
ரப்பருக்கு நடுவே இரண்டு ஷெட்டு.
குஞ்சு கம்பெனிக்கு, தீவனம் கம்பெனிக்கு,
கரண்டு பில்லும் நாற்றமும் இவருக்கு.

முதல் துண்டு, ஆறு.
இரண்டாவது, ஆறு.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
துண்டின் விளிம்புவரை வந்து
முட்டிக்கொண்டு நிற்கிறது கூட்டம்.
ஆறு, ஆறு, ஆறு, ஆறு.
ஏழாவதில் மட்டும் ஒரு வளையம்.

ரிப்போர்ட்டை இடது கையால் வாங்கி
அங்கேயே நின்று எழுத்துக்கூட்டினார்.
"இது மஞ்சப் பொடி. தொட்டியில கலக்குனா
ரெண்டு நாளைக்கு நகக்கண்ணு போவாது.
இது குஞ்சு எறங்குன மொத அஞ்சு நாளு.
இது தும்மலுக்கு.
இது... மழைக்கு."
"மழைக்கா?"
"மழ பெய்யுதுக்கு முன்ன குடுப்போம்.
கம்பெனிப் பையன் கொண்டு தாறான்.
எட நின்னாத்தானே மக்ளே பைசா."

விரல் கீழே இறங்கி நின்றது.
"கடைசில எழுதியிருக்கே,
இது நான் பாத்ததில்ல."
"இதுதான் உங்களுக்குக் கேட்கும்.
ஊசி. பத்து நாள் இங்கே தங்கணும்."
பேரை இன்னொரு தடவை வாசித்தார்.
"ஆமா. இத இன்னும் கொண்டு தரல்ல."

இன்னும்.

கட்டிலுக்கு எழுதிவிட்டார் டாக்டர்.
அவரோ காகிதத்தை நாலாய் மடித்து
ஜாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார்.
"நாளைக்கு வாறேன். இன்னைக்கு ராத்திரி லாரி.
ரெண்டாயிரம் உருப்படி பிடிச்சு ஏத்தணும்,
காலப் பிடிச்சு, கைக்கு அஞ்சு."

கட்டுத்துணியில் ஈரம் ஊறியிருந்தது.
அப்போதே கேட்டிருக்கலாம்,
எந்தக் கைக்கு என்று.
மார்த்தாண்டம் பஸ் ஹாரன் அடித்தது.
அடுத்த தட்டை எடுத்தேன்:
ஆண், பத்தொன்பது,
தொழில் என்ற இடத்தில்
கோழி லாரி.