பதினெட்டாம் பக்கம்

ஆர்டர் செய்த இரவு
தோலின் நிறத்துக்கு ஐந்து வட்டங்கள் காட்டினார்கள்.
நான் நான்காவதைத் தொட்டேன்.
தமயந்தி என் விரலை நகர்த்தி
மூன்றாவதில் வைத்தாள்.
கொஞ்ச நேரம் கழித்து அவளே,
எதுவும் பேசாமல்,
நான்காவதுக்குத் திரும்பினாள்.
முடி? சுருள், இரட்டைப் பின்னல்.
கண்ணாடி? உண்டு. சிவப்பு மட்டும்தான் இருந்தது.
கதாநாயகியின் பெயர்?
எழினி.

ஒன்பது நாள் கழித்து
ஹொரமாவு சிக்னல் தாண்டி
மழையில் நனைந்து வந்த பார்சலைப் பிரித்தால்
சுஹைல்.
குட்டை முடி. கண்ணாடி கிடையாது.
திமிங்கலத்தின் முதுகில் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தான்,
மாசத் தவணை எல்லாம் கட்டி முடித்த
சொந்த வண்டி மாதிரி.

கம்பெனிக்குப் போன் செய்தேன்.
வீணை வாசித்தார்கள், வாசித்தார்கள்.
பிறகு ஒரு பெண்,
"திங்கட்கிழமை வந்து எடுத்துக்குவாங்க சார்,
புதுசு அனுப்பிடுவோம்."
அதற்குள் இவள் தரையில் குப்புறப் படுத்துவிட்டாள்.
சு.
சு...
அடுத்த எழுத்தை அவள் பார்த்ததே இல்லை.
சுவர் அட்டையில் ன-வுக்குக் கீழே
ஜ ஷ ஸ ஹ என்று ஒரு வரி உண்டு;
அதன் மேல்தான்
கேஸ் புத்தகம் ஆணியில் தொங்குகிறது.

"சுகைல்?
சுவைல்?
யாருப்பா இவன்?"
யாரோ ஒரு பையன்.
உன் கதை அவன் வீட்டுக்குப் போயிருக்கும்,
அவன் கதை இங்கே வந்துவிட்டது.
"அப்ப இப்ப நான்
அவங்க வீட்ல திமிங்கலத்து மேல போயிட்டிருக்கேனா?"
ம்.
"அவங்க வீட்ல நாய் இருக்கா?"

சனியும் ஞாயிறும் அவன் கூடவே போனாள்.
அவன் குகைக்குள் நுழைந்தபோது
இவள் போர்வைக்குள் நுழைந்தாள்.
தன் பெயர் இருந்திருந்தால்
பெயரை மட்டும் தேடித் தேடித்
தொட்டுக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.
இவன் வேறு யாரோ.
என்ன ஆகிறான் என்று பார்த்தே ஆக வேண்டியிருந்தது.
கேஸ் புத்தகம் எப்போது ஆணி மாறியது
என்று எனக்குத் தெரியாது.
எங்கோ ஒரு வீட்டில் இதே நேரம்
ஒரு பையன் நாக்கை மேலே மடித்து
மடித்தது போதாமல்
இறக்கிக்கொண்டிருப்பான்.

திங்கட்கிழமை வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
ஒரு கையால் பொட்டலத்தை வாங்கி
மறு கையால் வேறொன்றை நீட்டினார்.
"அவ்ர மனே இங்கேதான் சார், கல்கெரே ரோடு.
ஆபீசு போயி, திரும்பி வந்து, எதுக்கு?
எக்ஸ்சேஞ்ச். அஷ்டே."
புதுசு இல்லை.
முனை மடங்கி இருந்தது.
லேசாக ஏலக்காய் வாசம்.

அட்டையில் எழினி, தன் திமிங்கலத்தின் மேல்,
சிவப்புக் கண்ணாடி, நான்காவது வட்டம்.
தமயந்தி அந்தக் கன்னத்தை விரலால் தடவினாள்.
இவளோ அட்டையைப் பார்க்கவே இல்லை.
உள்ளே ஒவ்வொரு எழினிக்குக் கீழும்
பென்சிலில் எழுதியிருந்தது:
எளினி. எலினி.
எளினி.
ஒரு பக்கத்தில் அழித்து அழித்துத் தாள் மெலிந்து
பின்பக்கத்துக் கடல் தெரிந்தது.
பதினெட்டாம் பக்கத்தில்
ழ.
வால் ரொம்ப நீளம்,
படத்தில் இருந்த படகு வரைக்கும் போயிருந்தது.
ஆனாலும் ழ.

"அவனுக்குப் பதினெட்டுலதான் வந்திருக்கு" என்றாள்.
"எனக்கு ஹை ஆறுலேயே வந்துடுச்சு."

அந்தப் பையன் புத்தகத்தில்
நீ ஒன்றும் கிறுக்கி வைக்கவில்லையே
என்று கேட்டேன்.
காதில் விழாத மாதிரி
கட்டிலுக்கு அடியில்
சிவப்பு ஸ்கெட்ச் பேனாவின் மூடியைத்
தேடிக்கொண்டிருந்தாள்.