நாற்பத்து மூன்றாவது பெயர்

ஆலோசனை மையத்தின் பட்டியலில்
நாற்பத்து மூன்றாவது பெயர் என்னுடையது.
ஆறு வாரம் ஆகும் என்றாள்
வரவேற்பில் இருந்தவள், ஸ்டேப்ளரில் ஊசி நிரப்பிக்கொண்டே.
அவசரமென்றால் இந்த எண் என்று
மஞ்சள் தாள் ஒன்றைத் தந்தாள்.
தலைவாரி ஐந்து நாள் ஆவது
அவசரத்தில் சேர்த்தியா, தெரியவில்லை.

டர்பனில் அது காற்று அலைக்கழிக்கும் ஆகஸ்ட்.
குன்றின் மேல் எங்கள் விடுதி.
துறைமுகத்துக்குள் நுழைய முறை வராத கப்பல்கள்
வெளியே கடலில் நின்றன.
நானும் ஜன்னலில் நின்றேன்.

பாய்ம இயக்கவியல் புத்தகம்
எண்பத்தேழாம் பக்கத்தில் திறந்து கிடந்தது.
பதினோரு நாளாய் அதே எண்பத்தேழு.
குழாய் குறுகும் இடத்தில் நீர் வேகமெடுக்கும் என்கிறது அது.
எனக்குள் குறுகிய இடத்தில்
எதுவும் ஓடவில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து அம்மா:
"கண்ணு பட்டுருச்சு.
சின்னசாமி வீட்டுல முதல் எஞ்சினியருன்னு
நாந்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன்."
போனிலேயே சுற்றிப்போட்டாள்.
மிளகாய் வெடிப்பது எனக்குக் கேட்டது.
"நெடியே இல்ல பாரு, அவ்வளவு திருஷ்டி."
சிரிப்பு வந்தது,
பாதியில் நின்றுவிட்டது.

எதிர் அறை நொகுத்துலா
என்ன ஆச்சு என்று கேட்கவேயில்லை.
காலை ஏழுக்குக் கதவைத் தட்டுவாள்.
"திலோ, எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது."
பொய்.
ஒன்பது பேர் உள்ள வீட்டில் வளர்ந்தவள்;
தனியாகத் தின்னக் கிடைப்பது வரம் என்று
போன வருடம் அவளே சொன்னது.
ரொட்டி, கடலை வெண்ணெய், பாலில்லாத தேநீர்.
மூன்றாம் வாரம் அவள் தட்டவில்லை.
நான் போய்த் தட்டினேன்.
உதவித்தொகை இன்னும் வரவில்லையாம்,
கண் வீங்கியிருந்தது.
அன்று தேநீர் நான் போட்டேன்.
அன்றுதான் தலையும் வாரினேன்.

ஆய்வகத்தில் யேகன்:
"அளவெல்லாம் எடுத்துட்டேன், வரைபடம் உன்னோடது,
வியாழக்குள்ள வேணும்."
கருணை என்றால் மறுத்திருப்பேன்.
கெடு என்பதால் போட்டுக் கொடுத்தேன்.

இடைத்தேர்வில் நாற்பத்தெட்டு.
தேற இரண்டு குறைவு.
போன மாதம் எழுதியிருந்தால்
எழுதியிருக்கவே மாட்டேன்.

ஆறாம் வாரம்
அம்மா வந்தாள், அரைநாள் லீவு போட்டு,
சூப்பர் மார்க்கெட் சீருடையோடு,
சட்டையில் பெயர்ப் பட்டையைக் கழற்ற மறந்து.
காத்திருக்கும் நாற்காலியில் என் பக்கத்தில்.
படிவத்தில் கேள்விகள்:
கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்
தூக்கம் வரவில்லை,
எதிலும் நாட்டமில்லை,
உங்களையே ஒரு தோல்வி என்று நினைத்தீர்கள்.
கடைசியில், உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?
அதற்கு ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள்.
நெருக்கி நெருக்கி எழுதினேன்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு
என் தோளுக்கு மேலாகப் படித்தாள்.
முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை, மெதுவாக.
பிறகு மீண்டும் முதலிலிருந்து.

"இதுல," என்றாள்
யாருக்கும் கேட்காத குரலில்,
"எனக்கும் ஒண்ணு குடுப்பாங்களா?"