மாசி

வட்டக்கானல் இறக்கத்தில் தகரக்கூரைச் சமையலறை.
ஆளுக்கு எண்ணூறு ரூபாய்.

தண்ணீர் கொதிக்கக் கூடாது என்றாள் மிட்சுயோ.
கொதிக்கலாமா என்று அது யோசிக்கும்போதே
கொம்பை எடுத்துவிட வேண்டும்.
கொம்பு என்றால் கறுத்த கடலிலை.

பெங்களூர்த் தம்பதி படமெடுத்தார்கள்.
சன்னலில் ஒரு யூகலிப்டஸ் இருந்தது,
பிறகு இல்லை.

அடுத்து மீன்சீவல்.
ஒசாகா பார்சல் மூன்று வாரமாகச்
சென்னைச் சுங்கத்தில் கிடக்கிறதாம்.
இரண்டு முறை குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

என் பையில் மாசி இருந்தது.
காயல்பட்டினத்திலிருந்து எங்கே கிளம்பினாலும்
சம்பலுக்கென்று ஒரு துண்டு கூட வரும்.
நாறுது, நாறுது என்று
வத்தலக்குண்டு தாண்டியும் ஓயவில்லை இவர்.

வாங்கினாள். மேசையில் தட்டினாள்:
விறகுச் சத்தம்.
மோந்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
சீவுளியைத் தேடிப் போனாள்.

ரசம் இல்லை. ஆணமும் இல்லை.
தண்ணீர்தான்,
கடலைப் பார்த்துவிட்டு வந்த தண்ணீர்.
கிண்ணத்தை இரு கையாலும் பிடித்துக் குடித்தோம்,
குளிருக்கு.

மாஸி, மாஸி என்று சொல்லிப் பார்த்து
கரும்பலகையில் தன் எழுத்தில் எழுதிக்கொண்டாள்.
எண்ணூறைத் திருப்பித் தரவில்லை.
மீதித் துண்டைக் கேட்டாள், கொடுத்தேன்.

மலையிறங்கும் பஸ்ஸில்
மூன்றாவது வளைவிலேயே
பையை இழுத்து மோந்து பார்க்கிறார் இவர்:
"எதையோ விட்டுட்டு வந்துட்டியா?"