சாட்சித் திட்டு

கல்லில் பட்டிருந்தால்
மம்மட்டி முழங்கை வரைக்கும் விண்ணென்றிருக்கும்.
துளசிமணிக்கு அப்படி ஆகவில்லை.
காய்ந்த சுரைக்குடுக்கையைத் தட்டினது மாதிரி
ஒரு சத்தம்.
குனிந்து பார்த்தாள்.
"மேக்கொண்டு வெட்டட்டுமாக்கா, வேண்டாமா?"

மூலனூருக்குத் தெற்கே, வற்றிப்போன குட்டை.
நூறு நாள் வேலையில் பதினேழாம் நாள்.
வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்து
வருகைப் பதிவேடு எழுதுகிறவள் நான்.
எலும்பைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

சுக்கான் கல் என்றாள் ஒருத்தி.
இந்தச் சீமையில் எங்கே தோண்டினாலும்
முடிச்சு முடிச்சாய் வருமே, அதுதான்.
எருமைத் தொடை என்றாள் இன்னொருத்தி.
பாவாத்தாள் விரலால் தொட்டாள், போதவில்லை,
நாக்கையே நீட்டி வைத்தாள்.
"ஒட்டுதுடீ!"
கல்லாய்ப் போன எலும்பு நாக்கில் ஒட்டுமாம்.
காய்ந்த களிமண்ணும்தான் ஒட்டும்.
சொல்ல வாயெடுத்து
அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஒருத்தி மஞ்சள் எடுத்துவரக் கிளம்பினாள்.
தடுத்தேன்.
ஆடு மேய்க்கிற பையன் பாட்டில் தண்ணீரோடு
கழுவ வந்தான். தடுத்தேன்.
நுனியில் ஒரு கீறல் இருந்தது,
ஒட்டுகிற பசை கடையில் ஐந்து ரூபாய்.
அதையும்.
ஏன் என்று கேட்டிருந்தால்
அப்போது பதில் இல்லை என்னிடம்.

கல்லூரி எண்ணொன்று தேடிப் பிடித்து
நாலாவது தடவை எடுத்தார்கள். பெண் குரல்.
"எலும்பா, கல்லா?"
"தெரியலீங்க."
"தெரியலைன்னா நல்லதுங்க, எடுத்துடாதீங்க.
அது கெடக்கற மண்ணு பாதிக் கதை சொல்லும்.
பக்கத்துல எதையாச்சும் வெச்சு போட்டோ எடுங்க."
தீப்பெட்டி வைத்து எடுத்தோம்.
வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்.
ஊதியூர் மலை இருக்கிற பக்கம் பார்த்து
கையைக் காட்டினேன், போனில்.

அளவு கேட்டபோதுதான் தைரியம் வந்தது.
நீளம், அகலம், ஆழம்:
பதினேழு நாளாய் அதைத்தானே எழுதுகிறேன்.
கிழக்குக் கரையிலிருந்து பதினொன்றரை மீட்டர்.
பழைய தரைக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் கீழே,
கருமண் முடிந்து
வெளிறிய மணல் தொடங்கும் கோட்டில்.
வெளியே தெரிகிற மட்டும் ஒரு சாண், நாலு விரல்.

மண் வேலையில் குழி நடுவே
வெட்டாமல் ஒரு திட்டை விடுவோம்.
சாட்சி என்று பேர்.
முன்னே தரை எங்கே இருந்தது என்று
அளக்க வருகிறவருக்கு அதுதான் சொல்லும்.
இதையும் அப்படியே விட்டோம்,
சுற்றிலும் இரண்டடி தள்ளி.
மேலே அதே மண்ணைச் சலித்துப் போட்டு
சிமெண்டுச் சாக்கு விரித்து
மூலைக்கொரு கல் வைத்தோம்.
பொழுதோட மேற்கே மின்னிற்று.

மறுநாள் ஓவர்சியர்.
"இங்க எதுக்கு வெட்டலே?"
சொன்னேன். சிரித்தார். அளவைக் குறைத்தார்.
மூன்று பேருக்கு, ஆளுக்கு
இருபத்திரண்டு ரூபாய் போயிற்று.
துளசிமணி ஒன்றும் சொல்லவில்லை.
பாவாத்தாள் நிறையச் சொன்னாள்.

அந்தம்மா வியாழக்கிழமை வருகிறாராம்.
சுக்கான் கல்லாவே இருந்தாலும் சொல்லிப்போடுங்க,
கோவிச்சுக்க மாட்டோம் என்றேன்.
பதிவேட்டில் பேர்க் கட்டங்கள் முடிந்த பிறகு
அடியில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்:
பேர் தெரியாதது, ஒன்று.
கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

இப்போது ஒரு வெள்ளாட்டுக்குட்டி
சாக்கின் மேல் ஏறி நிற்கிறது.
மம்மட்டியைப் போட்டுவிட்டு
துளசிமணி ஓடுகிறாள்.