பானெட்டின் உள்பக்கம் ஒட்டிய தாள்

சிக்வார்ட்,
சனிக்கிழமை நீ வரும்போது நான் உமேயோவில் இருப்பேன்.
சாவி தபால்பெட்டியில்.
தெருவில் குளிர்காலச் சரளையை இன்னும் வாரவில்லை,
மெதுவாக எடு.

வீடு எனக்கு, வோல்வோ உனக்கு,
வக்கீல் காகிதத்தில் அப்படித்தான்.
ஆனால் இருமிக்கொண்டிருக்கும் வண்டியைக் கைமாற்ற
மனம் வரவில்லை.
நேற்று இரவு கராஜில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வால்வு. எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே.
மூன்றாவது சிலிண்டரில் ஃபீலர் தகடு நுழையவே இல்லை.
தளர்ந்த வால்வு டக்டக்கென்று புலம்பும்,
புலம்பிக்கொண்டே ஊர் போய்ச் சேரும்.
இறுகிய வால்வு வாயே திறக்காது.
உள்ளே கருகும்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டேன்.

பிறகு ப்ளக். நாலும் கரி.
பிறகு பாயிண்ட் இடைவெளி, அதற்கும் பிறகுதான் டைமிங்.
மாற்றிச் செய்தால்
இடைவெளி மயிரிழை நகர டைமிங்கும் நகரும்,
விடிய விடிய ஒன்றின் பின்னால் ஒன்றாக
அலைந்துகொண்டிருப்பாய்.
வேக்குவம் குழாயைக் கழற்றி, முனையை அடைத்து,
விளக்கை அடித்தேன்.
சுழலும் புல்லியில் வெள்ளைக் கோடு
ஆணி அடித்ததுபோல் நின்றது.
அவ்வளவு வேகத்தில் ஓடுவதை
நிறுத்தச் சொல்லாமலே பார்த்தேன்.

கார்பரேட்டர் கடைசி.
கடைசி, சிக்வார்ட்.
ஆறு வருடமாக எது கெட்டாலும்
நீ முதலில் கைவைத்தது அந்தத் திருகில்.
திணறினால் கால் சுற்று, புகைந்தால் அரைச் சுற்று,
என் தம்பி கல்யாணத்துக்குப் போகும் வழியில்
கலிக்ஸ் பாலத்தில், மழையில், முழுசாக ஒன்று.
டார்ச் பிடித்து நின்றவள் நான்தான்,
நானும் வாய் திறக்கவில்லை.
எல்லாவற்றையும் பின்னோக்கித் திருப்பினேன்.
எத்தனை சுற்று என்று எண்ணினேன். சொல்லமாட்டேன்.

சூடேறியதும் பிஸ்டனை நூலளவு தூக்கிக் காதுகொடுத்தேன்:
வேகம் ஒரு கணம் ஏறியது,
தன் இடத்துக்கே திரும்பியது.
அதுதான் சரி.
அப்படியே ஓடவிட்டு நின்றிருந்தேன்.
எதிர்வீட்டு ஹில்டிங் ஜன்னலைத் திறந்து
"யார் வண்டி அது?" என்று கேட்டார்.
விளக்கை அணைத்துவிட்டேன்.

அடுத்த ஏப்ரலில் மறுபடி திணறும்.
உன் கை எங்கே போகும் என்று தெரியும்.
ஃபீலர் தகடு டாஷ்போர்டு அறையில் இருக்கிறது.
அது என்னுடையது, காகிதத்தில் இல்லை.
நீ வைத்துக்கொள்.

குன்வோர்