பணியில் இருக்கிறாரா?

ஜூன் முப்பதோடு பூபாலனின் அழைப்பாணை முடிந்தது.
ஜூலை மூன்றாம் தேதி
குக்கர் விசில் அடித்ததும்
மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.
படை எண் கேட்டார்கள், சொன்னேன்.
"இப்போது பணியில் இருக்கிறாரா?"
"இருக்கிறார். ராத்திரி இரண்டு மணியிலிருந்து நாலு வரை.
காங்கோவில்."
மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்று
மறுபடி தொடங்கியது.
ரிசர்வ் ஆள் என்றால்
சீருடையில் இருக்கும் நாட்களுக்கு மட்டும்தானாம் டாக்டர்.

சீருடை அலமாரியில்தான் இருக்கிறது.
எத்தனை முறை துவைத்தும் போகவில்லை
முழங்காலில் அந்தச் செம்மண்.

சாட்ஸ்வர்த் கிளினிக்கில் நவம்பருக்கு நாள் கொடுத்தார்கள்.
அதுவரை
டர்பன் துறைமுகத்தில் அவர் ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட்
பின்வாங்கும்போதெல்லாம் கத்தும்.
காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகிறார்.

நேற்று புது ஆணை வந்தது, மூன்று மாதத்துக்கு.
கூடவே ஒரு படிவம்:
நன்றாகத் தூங்குகிறீர்களா?
இல்லை என்றால் எடுக்கமாட்டார்கள்.
எடுக்காவிட்டால் டாக்டர் இல்லை.

பேனாவை என்னிடம் நீட்டினார்.
கை நடுங்காத ஆள் வேண்டுமாம்
டிக் போட.