எந்தத் தலைப்பில்

அம்பத்தூர் எஸ்டேட். பம்பு செய்கிறோம்.
நாற்பது வருடமாகத் தண்ணீரை மேலே ஏற்றுகிறவர்களுக்குப்
பணம் எங்கே கீழே போகிறதென்று தெரியவில்லை.

ஆள் எடுக்கலாம் என்றார் எம்.டி.
நிரந்தரம் வேண்டாம், தொண்ணூறு நாள் போதும்.
நாள் கூலி.
கூலி என்று எழுதாதீர்கள், ரேட் என்று எழுதுங்கள்.

பதினோரு பேர் வந்தார்கள், திரையில்.
ஒருவர் எட்டு வருட அனுபவத்தை
எட்டு நிமிடத்தில் ஒப்பித்தார்.
இன்னொருவருக்குப் பின்னால் குக்கர் விசிலடிக்க,
மைக்கை அணைத்தவர் திரும்பப் போட மறந்து
கடைசிவரை உதட்டை மட்டும் அசைத்தார்.
எப்சிபாதான் எங்களைக் கேட்டார்:
"டேஷ்போர்டு இருக்கட்டும் சார்.
காலைல அதைப் பார்த்துட்டு
என்ன முடிவு எடுக்கப் போறீங்க?"
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
அவரையே எடுத்தோம்.

வேளச்சேரியிலிருந்து இரண்டு ரயில், ஒரு ஷேர் ஆட்டோ.
கேட்டில் தினமும் புதிதாக ஒரு பார்வையாளர் சீட்டு.
'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் என் பெயர்.
'என்ன காரியம்' என்ற இடத்தில்
தணிகாசலம் முதலில் 'வேலை' என்று எழுதினார்,
பிறகு 'கம்ப்யூட்டர்',
ஒரு மழைநாளில் 'சொந்த விஷயம்'.

எங்கள் கோப்புகளில் கோயம்புத்தூருக்கு
ஒன்பது ஸ்பெல்லிங் இருந்தது.
ஒன்பதும் ஒரே ஊர்தான் என்று
கணினியை நம்பவைக்க ஒரு வாரம் பிடித்தது.

அறுபதாம் நாள் திரை திறந்தது.
பச்சை, சிவப்பு, மஞ்சள்.
விற்பனைக்காரர்கள் சிவப்பைப் பார்த்ததும் ஏசியைக் கூட்டச் சொன்னார்கள்.
எல்லோரும் போன பிறகு
'நுகர்பொருள்' என்ற பட்டையைத் தொட்டுக் காட்டினார்.
விரிந்தது:
கிரீஸ்
வெல்டிங் ராட்
கையுறை
கழிவுத்துணி
எப்சிபா, வெண்டர் 4417.

வேறு தலைப்பில் பட்ஜெட் இல்லை.
பதிவு செய்தவன் நான்.

"சார், இது டேட்டால தப்பா, இல்ல சரிதானா?"
"சரிதான்."
"அப்ப மாத்தல."
அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

தொண்ணூறாம் நாள் பாஸ்வேர்டை உறையிலிட்டுத் தந்தார்.
வெளியேறும் நேரம் 6.10 என்று
தணிகாசலம் எழுதியிருக்கிறார். கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய், திரை நின்றுபோனது.
எம்.டி. கத்தினார். நான் போன் செய்தேன்.
"தரமணி சார், புது இடம். ஸ்டேஷன்ல நிக்கிறேன்.
எர்ரரைப் படிங்க."
படித்தேன். சிரித்தார்.
"யாரோ கோவைக்குப் பத்தாவது ஸ்பெல்லிங்
கண்டுபிடிச்சிருக்காங்க."
நான்கே நிமிடம்.
திரை மறுபடி பச்சை, சிவப்பு, மஞ்சள்.

"பில் அனுப்பும்மா."
"எந்தத் தலைப்புல போடுவீங்க?"

நல்லவேளை, ரயில் வந்துவிட்டது.

பில் இன்னும் வரவில்லை.
தினமும் காலையில் டீ வருவதற்கு முன்
அந்தப் பட்டையை விரித்துப் பார்க்கிறேன்:
கிரீஸ், வெல்டிங் ராட், கையுறை, கழிவுத்துணி.
மூடிவிடுகிறேன்.